கோஸ் ஏற்றும் லேண்ட்ரோவரில் மாப்பிள்ளை அழைப்பு

துபாயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். பாலைவனத்தில் மணல்மேடு ஏறி இறங்க ஒரு ஃபோர்வீல் டிரைவ் வண்டி வாங்கப் போகிறாராம், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார். நான் பாலைவனத்தில் இரண்டே தடவைதான் ஓட்டியிருக்கிறேன். சேற்றில் ஏழு வருடம் ஓட்டியிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசிய விவசாய இலாகா என்னைக் கேமரன் மலைக்கு மாற்றியது. காய்கறித் தோட்டங்களைப் பார்வையிடுவதுதான் வேலை. இலாகா டிரைவர் அடிக்கடி விடுப்பு எடுப்பார் என்பதால் நானே லைசென்ஸ் எடுத்து ஓட்டப் பழகினேன். வண்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் 1984ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை வைத்தே சொல்லிவிடலாம். என் அண்ணன் கல்யாணத்துக்குப் போன பயணம் அது.

அண்ணன் ராஜேந்திரனுக்கு ஈப்போவில் ஆசிரியர் வேலை. பெண் சரோஜா, பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறிப்பவர்கள், வீடு மேல் டிவிஷன் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் அப்பா காலமாகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்துப் பெண்ணா என்று முகத்தைச் சுளித்தவரைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருடம் ஆனது. ஒருவழியாக நாள் குறித்தார்கள். ஆனியில் கடைசி முகூர்த்தம், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், தோட்டத்து மாரியம்மன் கோயிலில். அது தப்பினால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் கல்யாணம் செய்வார்கள்? ஆவணி வருவதற்குள் பெரியப்பா, பார்த்தாயா, தடங்கல், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஆரம்பித்துவிடுவார். சரோஜா என் தோழி. எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமே இல்லை.

பிரிஞ்சாங்கிலிருந்து தோட்டத்துத் தொழிற்சாலை வரை தார்ச்சாலை, ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். எந்தக் காரும் போகும். அங்கிருந்து மேல் டிவிஷனுக்கு மூன்று கிலோமீட்டர் மண்சாலை, முழுக்க ஏற்றம், செங்களிமண். காய்ந்திருந்தால் ஒன்றுமில்லை. அந்த வாரமோ தினமும் சாயங்காலம் மழை. சாதாரணக் கார் நினைத்துப் பார்க்கவே முடியாது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பக்கத்து ஊரான திரிங்காப்புக்குப் போய் வண்டி பார்த்தேன். ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கோஸும் தக்காளியும் ஏற்ற மூன்று லேண்ட்ரோவர் வைத்திருந்தார். மூன்றில் நீளமானதை எடுத்தேன், பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டது. பெயிண்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுங்கள். நான் சாக்கு விரித்துப் படுத்தே பார்த்தேன். எஞ்சின் எண்ணெய் ஒழுகலாம், கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஆனால் பிரேக் குழாய் ஈரமாக இருக்கக் கூடாது. பிறகு டயர். ஒல்லியாக, ஆழமான பல்லோடு இருந்தது. அதன் பிறகு உள்ளே இருக்கும் இரண்டு சின்ன கியர்க் கம்பிகள். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும், சிவப்புக் குமிழை இழுத்தால் வண்டி ஆமை வேகத்தில் யானை பலத்தோடு ஏறும். இரண்டும் இறுகிப் போகாமல் விழுகிறதா என்று ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன், விழுந்தது.

தவுக்கே சிரித்தார். “இனி கெரெத்தா தக் சந்திக்லா, தாப்பி குவாட்” என்றார். அழகில்லாத வண்டி, ஆனால் முரடு என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து வெள்ளி (ரிங்கிட்), எண்ணெய், அதாவது பெட்ரோல், நம் செலவு. கோஸ் வாடை போக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் தாப்பா மலைச்சாலை வளைவுகளில் தலை சுற்றிப் பிரிஞ்சாங் வந்து சேர்ந்தார்கள். பெரியப்பா தன் நண்பரிடமிருந்து ஒரு வண்டி கொண்டு வந்திருந்தார். புத்தம் புது ஜப்பான் ஜீப். வெள்ளை வெளேர் என்று, உள்ளே ஏர்கண்டிஷன், கேசட், ஓட்டுவதற்கு நண்பரின் டிரைவர். டயரைப் பார்த்தேன். அகலமாக, நகரத்துச் சாலைக்கான மெல்லிய கோடுகளோடு பளபளவென்று இருந்தது.

“பெரியப்பா, இந்த டயர் களிமண்ணுல நிக்காது. அண்ணன் என் வண்டியில வரட்டும்” என்றேன்.

பெரியப்பா என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நம்பர் பலகைக்கு முன்னால் நின்றார். உதடு அசைந்தது. 413.

“நாலும் ஒண்ணும் அஞ்சு, மூணு எட்டு. கூட்டுத்தொகை எட்டு வர்ற வண்டியிலயா மாப்பிள்ளைய ஏத்துவே? உனக்குப் புத்தி இருக்கா?”

“ரோடு நம்பர் பாக்குமா பெரியப்பா?”

“நீ சும்மா இரும்மா. என் ஜீப்பு ஒம்பது. மொதல்ல பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு ஸ்டீரிங்கு?”

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. எட்டு வராத நம்பருக்காக மாதக்கணக்கில் காத்திருந்து வண்டி எடுக்கும் ஆட்கள் நம்மவர்கள். எஞ்சின் என்ன, டயர் என்ன என்று கேட்க மாட்டோம், நம்பரைக் கூட்டிப் பார்ப்போம். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில், அண்ணன், பெரியப்பா, பெரியம்மா ஜீப்பில், அம்மாவும் இரண்டு அத்தைகளும் சீர்வரிசைத் தட்டுகளோடு என் வண்டியில் என்று முடிவானது. தாலியும் என் வண்டியில்தான். தாலிக்கு எட்டு ஆகுமா என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, மற்ற உறவினர்களைத் தோட்டத்து லாரி விடியற்காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. உரம் ஏற்றும் லாரியில் மாப்பிள்ளை போவதாவது என்று எங்களை மட்டும் நிறுத்தி வைத்தார் பெரியப்பா. அந்த லாரி சக்கரத்தில் சங்கிலி கட்டி ஏறியதால் மண்சாலை உழுது போட்ட வயலாகக் கிடந்தது. எட்டே காலுக்குக் கிளம்பி எட்டு முப்பத்தைந்துக்குத் தொழிற்சாலையைத் தாண்டினோம். ஜீப் முன்னால், நான் பின்னால்.

பாதி ஏற்றத்தில் ஒரு வளைவில் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. சின்னக் கல்மேடை, ஒரு சூலம். எல்லா வண்டியும் அங்கே நின்று கும்பிட்டுத்தான் போகும். ஆனால் ஏற்றத்தில் நின்றால் சேற்றில் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்பதால், தோட்டத்து டிரைவர்கள் மழை நாளில் ஏறும்போது ஹார்ன் மட்டும் அடித்துவிட்டு ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் நிற்பார்கள். சாமிக்கு அது தெரியும். இதை நான் தொழிற்சாலையிலேயே ஜீப் டிரைவரிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். பெரியப்பா விடவில்லை. வளைவில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, சூடம் கொளுத்தி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏறினார்.

ஜீப் கிளம்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, சேற்றுக்குள் போய்விட்டது. சக்கரம் நான்கும் சுற்றின, வண்டி மட்டும் அங்கேயே நின்றது. டிரைவர் இன்னும் எண்ணெய் கொடுத்தார். அகல டயரின் கோடுகளில் களிமண் அப்பி நான்கும் வழுக்குருண்டை ஆகிவிட்டன. பிறகு ஜீப் மெதுவாக, மிக மரியாதையாக, பக்கவாட்டில் நகர்ந்து மலைப் பக்கத்துக் கால்வாயில் போய்ச் சாய்ந்தது.

துபாய்க்காரரே, இங்கேதான் உங்களுக்கான பதில். அந்த ஜீப் மோசமான வண்டி இல்லை. அதே அகல டயரைக் காற்றைக் குறைத்துப் போட்டால் மணலில் புதையாமல் மிதந்து போகும். பாலைவனத்தில் அது ராஜா. என் ஒல்லி டயர் மணலில் கிணறு தோண்டும். களிமண்ணில் கதை தலைகீழ். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். நல்ல வண்டி எது என்று கேட்காதீர்கள். எந்தத் தரைக்கு என்று முதலில் கேளுங்கள்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஜீப்பைத் தூக்குவது நடக்கிற காரியம் இல்லை. என் வண்டி ஜீப்பைத் தாண்டிப் போக வழி இருந்தது. நான் இறங்கிப் போய், எல்லோரும் என் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பெரியப்பா சாய்ந்த ஜீப்பில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“லாரி திரும்பி வரும். அதுவரைக்கும் இருப்போம்” என்றார்.

“லாரி எதுக்குத் திரும்பி வரும்? நாம மேல வருவோம்னு அங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. போன் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“எட்டுல ஏறி என் தம்பி மவன் கல்யாணத்துக்குப் போவ மாட்டான்லா. முகூர்த்தம் போனா போவட்டும்.”

அவர் அதைத்தான் இரண்டு வருடமாக உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பின் மறுபக்கக் கதவு திறந்தது.

அண்ணன் இறங்கினான். பட்டு வேட்டி, மாலை, புதுச் செருப்பு. முழங்கால் வரை சேற்றில் கால் போனது. செருப்பு ஒன்று வரவில்லை. பெரியப்பா சொல்லி ஒரு சட்டையின் நிறத்தைக்கூட மாற்றிக்கொள்பவன் அவன்.

“பெரியப்பா, அப்பா இடத்துல நின்னு நீங்கதான் செய்யணும். ஆனா நீங்க வரலன்னாலும் நான் போயிடுவேன். வண்டி இல்லன்னா நடந்து போவேன். சரோஜா ரெண்டு வருஷம் இருந்துட்டா. இன்னைக்கு அவள உக்கார வச்சிட்டு நான் இங்க நிக்க மாட்டேன்.”

குரல்கூட உயரவில்லை. சொல்லிவிட்டு என் வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியம்மாதான் அடுத்து இறங்கினார். “நீங்க நம்பரோட இருங்க, நான் புள்ளையோட போறேன்” என்று சொல்லி அம்மா பக்கத்தில் ஏறினார். அப்புறம் பெரியப்பாவுக்கு வேறு வழி?

அவர் முன்னால் வந்தார். “பின்னாடி ஏறுங்க பெரியப்பா, கடைசிப் பெஞ்சு ஓரமா” என்றேன். முறைத்தார். “கேலி பண்ணல. ஏத்தத்துல பின் சக்கரத்துமேல கனம் இருந்தாத்தான் பிடிக்கும். உங்க அளவுக்குக் கனம் இங்க யாருக்கு இருக்கு?” தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். தேங்காய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தார். அத்தைகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள்.

சிவப்புக் குமிழை இழுத்தேன். இரண்டாவது கியர். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏற ஆரம்பித்த பிறகு கிளட்ச் இல்லை, பிரேக் இல்லை, கியர் மாற்றம் இல்லை. எண்ணெய் ஒரே சீராக. கடைசி வளைவில் பின்பக்கம் நழுவியது. வலப்பக்கம் தேயிலைச் சரிவு, கீழே தொழிற்சாலைக் கூரை சின்னதாகத் தெரிந்தது. அம்மா முருகா முருகா என்றாள். கால் தானாக பிரேக்கைத் தேடியது, கொடுக்கவில்லை. ஸ்டீரிங்கை நழுவிய பக்கமே கொஞ்சம் திருப்பினேன். பின்னால் “ஓட்டு கமலா, விடாத, ஓட்டு!” என்று ஒரு கத்தல். பெரியப்பா! பின் சக்கரம் அடியில் எதையோ கவ்வியது. வண்டி ஓர் உதறு உதறி நிமிர்ந்து ஏறிவிட்டது.

மேலே லயத்து ஜனம் முழுக்கச் சாலையில் நின்றது. எங்களைப் பார்த்ததும் நாதஸ்வரக்காரர் சுதிகூடப் பார்க்காமல் ஊத ஆரம்பித்தார். ஹார்னை அழுத்திய கையை நான் கோயில் வாசல் வரை எடுக்கவில்லை. சரோஜாவின் அப்பா ஓடி வந்து அண்ணனின் சேற்றுக் காலுக்குத் தானே தண்ணீர் ஊற்றினார். பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தாலி ஏறியது. ஒற்றைச் செருப்போடு வந்த மாப்பிள்ளையைப் பார்த்து மணவறையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டாள் சரோஜா.

பந்தியில் பெரியப்பா ஒவ்வொரு இலையாகப் போய், “எங்க வீட்டுப் பொண்ணுதான் ஓட்டிக்கிட்டு வந்துச்சு. என்னா ஓட்டு தெரியுமா!” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றச் சொன்னதும் அவர்தான். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே ஏறிவிடுங்கள், மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான். சொந்த வண்டியின் டயர் மேல் சந்தேகம் இருந்தால் பிரிஞ்சாங்கிலோ திரிங்காப்பிலோ உள்ளூர் லேண்ட்ரோவர் பேசிக்கொள்ளுங்கள். கயிறும் மண்வெட்டியும் இல்லாமல் மண்சாலையில் நுழையாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். பிரேக்கை நம்பினால் வழுக்கும், சின்ன கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள்.

நாங்கள் இறங்கியது மூன்று மணிக்கு. மழை பிடித்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் முன் சீட்டில் என் பக்கத்தில். லயமே சுற்றி நின்று அழுதது. சரோஜாவின் அம்மா மட்டும் அழவில்லை. நனைந்துகொண்டே என் பக்க ஜன்னலுக்கு வந்து, ஸ்டீரிங்கில் இருந்த என் கையைப் பிடித்தார். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள்.

“மாப்பிள்ளையக் கொண்டாந்து சேத்துட்டம்மா. எம் மவளையும் பத்திரமா கொண்டு போயி சேத்துடு.”

சரிங்கம்மா என்று சொல்லி, சிவப்புக் குமிழை இழுத்துவிட்டு இறக்கத்தில் வண்டியை விட்டேன். சேர்த்தேன்.