விட்ட இடத்தில் நின்ற அக்கா

சுவிஸில், லாங்கன்தால் என்ற ஊரில், என் அலுமாரியில் ஒரு சிவப்புச் சுவெட்டர் தொங்குகிறது. இந்த ஊர்க் குளிருக்கு அது எந்த மூலைக்கும் காணாது. கோலாலம்பூர் விமான நிலையத்தின் வெக்கையில், கழுத்துவரை பொத்தான் பூட்டியபடி அக்கா அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு அவளைக் கண்ட எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அழுகை பிறகுதான். "வெளிநாடு எண்டால் குளிருமெல்லோ?" என்றாள்.

அகதிப் பயணப் பத்திரம் வைத்திருந்த நான் அப்போது இலங்கைக்குப் போக முடியாது. அவளுக்குச் சுவிஸ் விசா கிடைக்காது. எங்களைப் போன்றவர்கள் உறவுகளைப் பார்ப்பது இப்படி மூன்றாவது நாடொன்றில்தான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் கெஞ்சி வாங்கிய ஒன்பது நாள் விடுமுறை அது. கோலாலம்பூரைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. பின்னேரமானால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் உயர்ந்த கட்டடங்களைக் காட்டினால், அக்கா தெருக்கடையில் ரொட்டி வீசுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஏசிக் குளிர். நான் நடுங்க, அவள் சுவெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொன்னனான்தானே" என்பாள்.

மூன்றாம் நாள் நகர ரயிலில் அவளைத் தொலைத்தேன். சுவிஸ்காரியாகிவிட்ட திமிரில் நான்தான் முன்னால் ஏறினேன். கூட்டம் இடையில் புகுந்தது, கதவு மூடியது. கண்ணாடிக்கு வெளியே சிவப்புச் சுவெட்டர் பின்னால் போனது. அந்த நாட்டில் வேலை செய்யும் தொலைபேசி அவளிடம் இல்லை. நான் முதலில் பதறவில்லை. பேர்ண் போகும் ரயிலில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்ததுதான்: பிரிந்துவிட்டால் அடுத்த நிலையத்தில் சந்திப்போம். இறங்கி நின்றேன். ஐந்து ரயில்கள் வந்து போயின. ஆறாவதிலும் அவள் இல்லை என்றபோது மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடினேன். இத்தனை வருடம் காத்திருந்து கண்டவளை மூன்றே நாளில் தொலைத்துவிட்டேனே.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. இடம்பெயர்ந்து சனத்தோடு சனமாக நடந்த நாளில் அவர் எங்கள் இருவருக்கும் சொன்னது ஒன்றுதான்: "கை விட்டுப்போனால் விட்ட இடத்திலயே நில்லுங்கோ. நான் திரும்பி வருவன்."

திரும்பிப் போகும் ரயிலில் ஏறினேன். அதே மேடையில், அதே தூணடியில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அக்கா நின்றாள். யாரோ ஆசனத்தைக் காட்டி இருக்கச் சொன்னதற்கும் இருக்கவில்லையாம்.

"ஏனக்கா அடுத்த ரெயினில ஏறேல்லை?" என்று கத்தினேன்.

"நீ வருவாய் எண்டுதான் நிண்டனான்," என்றாள் கோபமே இல்லாமல். அவளைக் கட்டிக்கொண்டு, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

விடைபெறும்போது, "உனக்குத்தான் அங்க குளிர்" என்று சுவெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டாள். அதன்பிறகு மூன்று தடவை அவளுக்கு விசா கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார்கள். இருந்தும் அவள் வருவாள், வருவாள் என்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். போன கிழமை எனக்குச் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்தது. அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் இஞ்சதான் நிக்கிறன்," என்றாள்.

இன்று பெட்டி அடுக்குகிறேன். யாழ்ப்பாண வெயிலுக்குச் சுவெட்டர் எதற்கு என்று மகள் கேட்கிறாள். கழுத்துவரை பொத்தான் பூட்டி, அதைப் போட்டுக்கொண்டே போய் இறங்கப்போகிறேன். அக்கா முதலில் சிரிக்கட்டும்.