ரயில் பிரஷர் குறைவு

விவசாய ஆபீசில் விதை மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறவன் நான். டீசல் கார் இன்ஜினைப் பற்றி எனக்கு இருந்த மேதாவித்தனம் முழுக்க செல்போன் வீடியோவில் வந்தது. போதாததற்கு, ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் காரின் கோளாறைப் போனில் காட்டுகிற கருவி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தேன். அக்கம்பக்கத்துக் கார்களில் அதைச் செருகி, கேட்காதவர்களுக்கும் வைத்தியம் சொன்னேன்.

அன்று என் மனைவிக்கு அரியலூரில் டிரான்ஸ்பர் கவுன்சிலிங். பெரம்பலூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து, திருமானூரைத் தாண்டியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் மூன்று பஸ் மாறிப் போகிற டீச்சர் அவள். அரியலூர் டவுனுக்குள் ஒரே ஓர் இடம் காலி. சீனியாரிட்டியில் அவள்தான் முதல். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். பஸ்ஸில் போகிறேன் என்றவளை, நான் இருக்கும்போது என்ன பஸ் என்று காரில் ஏற்றினேன்.

பாதி வழியில், சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே, வண்டி இழுவை குறைந்து நின்றுவிட்டது. கருவியைச் செருகினேன். ரயில் பிரஷர் குறைவு என்றது. அதாவது, இன்ஜினுக்கு டீசல் போதிய அழுத்தத்தில் போகவில்லை. கோளாறு அந்த அழுத்தத்தை அளக்கிற சென்சாரில்தான் என்று தீர்ப்புச் சொல்லி, அதன் ஒயரைக் கழற்றி ஊதி மாட்டினேன். கிளம்பியது. "பாத்தியா?" என்றேன். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி நின்றது. மறுபடி ஊதினேன், கிளம்பியது, நின்றது. டீசலைக் கையால் ஏற்றுகிற ரப்பர் பம்பை அமுக்கினால், அது எழும்பாமல் சப்பையாகவே கிடந்தது. டேங்கிலிருந்தே டீசல் வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் கருவி அதைச் சொல்லவில்லையே! நானும் கண்டுகொள்ளவில்லை.

"என்னங்க, பஸ்ஸு வருது. ஏறிக்கட்டுமா?"

"ரெண்டே நிமிஷம் இரு, முடிஞ்சிடும்."

இப்படி இரண்டு பஸ்களைப் போகவிட்டேன்.

மூன்றாவது பஸ்ஸில் அவள் கேட்காமலே ஏறிவிட்டாள். அதற்குப் பிறகுதான் எங்கள் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். சென்சாரைப் பற்றி நான் நடத்திய பாடத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"டீசல் எங்க ஊத்துனீங்க சார்?"

உள்ளதைச் சொன்னேன். முந்தின நாள், கொல்லையில் தண்ணீர் இறைக்கிற இன்ஜினுக்காக வாங்கிய கேன் டீசலைக் காருக்கு ஊற்றியிருந்தேன். எங்கள் பக்கத்தில் புனலுக்குள் பழைய வேட்டித் துணியைப் போட்டு வடிகட்டித்தான் ஊற்றுவோம். அதே மரியாதையைக் காருக்கும் செய்தேன். ஊற்றி முடித்தபோது துணியைக் காணோம். காற்றில் பறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று காற்றே இல்லை.

"துணி டேங்குக்குள்ள கெடக்குது சார். வண்டி ஓடுனா டீசல் இழுக்குற குழா வாயில போயி அடைச்சுக்கும். நின்னா வெலகிடும். அதான் கெளம்புது. நீங்க ஊதுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் வேறொரு டீச்சருக்குப் போயிருந்தது.

சாயங்காலம் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சும்மா இருக்க முடியாமல் நானே வாயைக் கொடுத்தேன்.

"மொத பஸ்ஸுலயே ஏறியிருக்கலாமில்ல? நான் சொன்னா கேக்கணுமா?"

"நீங்க சரி பண்ணிடுவீங்கன்னு நம்புனேங்க" என்றாள்.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவேதான் சொன்னாள்.