ஓரடிக்குத் திறந்த கதவு

லோர்னா பெட்ச்கே பதினோரு வருஷமாக எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். ஆசைப்பட்டு வந்த பதவி இல்லை. அவள் எழுந்தால் அந்த நாற்காலியில் உட்கார ஆளில்லை, அவ்வளவுதான். மேசா நகரில் எங்கள் குடியிருப்பில் நூற்று நாற்பது வீடுகள். கூட்டத்துக்கு வருவது நாலைந்து பேர்.

புது விதி வரும் வழி எல்லாருக்கும் தெரியும். நிர்வாகக் குழுவில் ஒருவர் முன்மொழிவார். லோர்னா அதைத் தட்டச்சு செய்து தபால் பெட்டிகளுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டுவாள். முப்பது நாளைக்குள் யாரும் ஆட்சேபம் எழுதலாம். பிறகு லோர்னாவையும் சேர்த்துக் குழுவின் ஐந்து பேரும் கூடி வாக்களிப்பார்கள். ஒட்டியதைப் படிக்க மாட்டோம், வந்த பிறகு மட்டும் கத்துவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தத் தடவை ஒட்டியது இது: கார் போய்வரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கராஜ் கதவு மூடியிருக்க வேண்டும். தலைவர் டுவைட் வானெக்கின் யோசனை. திறந்து கிடந்தால் தெருவே கிடங்கு மாதிரி இருக்கிறதாம்.

அதில் அடிபடப் போவது ஒரே ஆள், என் எதிர்வீட்டு வெண்டல் ஆஸ்டர்ஹவுஸ். வயது எண்பத்து மூன்று. மனைவி போன பிறகு தினமும் சாயங்காலம் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நடந்து போகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுவார். அன்றைக்கு அவர் பேசுவது மொத்தமே அதுதான். வாசலில் நாற்காலி போட ஏற்கெனவே தடை.

லோர்னா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ரெண்டு வரி எழுதிக் குடு, போதும்."

"பாக்கறேன்" என்றேன். எழுதவில்லை. முப்பது நாளில் வந்த ஆட்சேபக் கடிதம் ஒன்றே ஒன்று. அதுவும் யாரோ வீட்டு நாய் குரைப்பதைப் பற்றி.

எதிர்த்தால் தோற்போம், திருத்தினால் கொஞ்சமாவது மிஞ்சும் என்று பதினோரு வருஷத்தில் அவள் கற்றிருந்தாள். வானெக்கிடம் போனாள்.

"கீழ ஒரு அடி திறந்து வச்சுக்கலாம்னு சேர்த்துடு. சேர்த்தா நானும் கை தூக்கறேன்."

"நீ தூக்கலைன்னாலும் என்கிட்ட நாலு கை இருக்கு, லோர்னா."

"அப்ப சேர்க்கறதுல உனக்கென்ன நஷ்டம்?"

அவர் சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் வானெக் கை தூக்கினார். அவர் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். மற்ற இருவரும் மேசையைப் பார்த்தபடி, "எனக்குச் சம்மதமில்ல" என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. அவள் மாட்டேன் என்றால் விதி அங்கேயே செத்தது. ஆனால் சொன்ன சொல்லை மீறிப் பழக்கமில்லாதவள். மெதுவாகக் கை தூக்கினாள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. ஒரு தடவை, அந்த ஒரு தடவை மீறியிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து நானும் அவளும் தபால் எடுக்கப் போனோம். வெண்டல் வீட்டுக் கராஜ் கதவு தரையிலிருந்து ஓரடி தூக்கியிருந்தது. அடியில் நாற்காலிக் கால்களும் அவருடைய செருப்புகளும் தெரிந்தன.

"லோர்னாவா? அந்த நீல ஷூ உன்னோடதுதானே."

"ஆமா, வெண்டல். நான் உள்ள வரட்டுமா?"

"உள்ள வந்தா நீ விருந்தாளி. எனக்கு நடந்து போறவங்கதான் வேணும்." கதவுக்குப் பின்னால் சிரித்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். மத்த நாலு பேரும் ஒரே கட்சியாமே. வானெக் சொன்னான். நீ ஒருத்திதான் மல்லுக்கட்டி எனக்கு இந்த ஒரு அடியை வாங்கிக் குடுத்தியாம். நல்லா இருப்ப."

லோர்னா என்னைப் பார்த்தாள். பேசாமல் தலையாட்டிவிட்டுப் போகலாம் என்று கண்ணால் சொன்னேன். களைத்துப்போன முகத்தோடு கதவின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பேர் வேணாம்னாங்க, வெண்டல். என் ஓட்டுலதான் அந்த விதியே ஜெயிச்சுது."

செருப்புகள் பின்னால் நகர்ந்தன. பிறகு கதவின் மோட்டார் முனகியது, அந்த ஒரு அடியும் மூடிக்கொண்டது.