ஒன்பது சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கோடை

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: மலைக்கு வருகிற எல்லாருக்கும் இறக்கம் பிடிக்கும், அதற்கு முன்னால் ஒரு ஏற்றம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்மை ஏமாற்றுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

விடுமுறைக்காரர்களைக் கட்டி மேய்க்கும் சக பாவிகளே, காட்டேஜ் சாவி கொடுக்கிறவர்களே, ஜீப் ஓட்டுகிறவர்களே, படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். நீங்கள் தலையாட்டுவீர்கள்.

என் இடம்

கோயம்புத்தூரில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். வீடு கீழ் கோத்தகிரி. அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஏப்ரலும் மே மாதமும் விடுமுறை என்பதால் கோத்தகிரியில் ஜோசப் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் சைக்கிள் சுற்றுலா நடத்துகிறார். முதல் நாள் எஸ்டேட் ரோடுகளில் சைக்கிள், இரண்டாம் நாள் சோலைக்காட்டு ஓரமாக நடை. ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒரு வழிகாட்டி. முன்னால் போகிறவர்தான் எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்று முடிவு செய்வார். கடைசி ஆள் பம்ப், பஞ்சர் பெட்டி, குளுக்கோஸ் பாக்கெட், அழுகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

முன்னால் போனவன் பிரவீன். கோயம்புத்தூர்க்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், சைக்கிள் பந்தயங்களில் ஓடியவன். இந்த மலையில் பிறந்து, ஒவ்வொரு குறுக்குப் பாதையிலும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தவள் நான். நான் கடைசி. இது ஆணாதிக்கம், சமவெளி ஆதிக்கம், பந்தயச் சைக்கிள் ஆதிக்கம் என்று மூன்று தலைப்புகளில் முதல் நாளே ஜோசப் அண்ணனிடம் பேசினேன். கல்லூரி திறப்பதற்குள் ஒரு முறையாவது நான் முன்னால் போக வேண்டும் என்றேன். அவர் ஒரு சக்கரத்தின் கோணலைச் சரி பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"முன்னால போறவங்களுக்கு வழி தெரிஞ்சாப் போதும் அம்மிணி. கடைசில வர்றவங்களுக்குப் பொறுமை வேணும். உங்கிட்ட அது இல்ல, அதனாலதான் அங்க போட்டிருக்கேன்."

கடைசிக்கு முந்தி

திருச்சியிலிருந்து ஒரு வங்கி மேலாளர் வந்தார். இரண்டாவது ஏற்றத்திலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். நானும் இறங்கித் தள்ளினேன். கொஞ்ச தூரம் போனதும், எனக்காக நிற்க வேண்டாம், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். முடியாது என்றேன். மறுபடி சொன்னார். அவர் மனைவியும் இரண்டு மகள்களும் மேல் வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆண்கள் முதலில் வந்தாக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் விளக்க வாயைத் திறந்தேன். மனிதருக்கு மூச்சு வாங்கியது. பாவமாக இருந்தது.

"சார், எப்பவும் கடைசி நான்தான். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றேன். நின்றார். யோசித்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அப்போ நான் கடைசிக்கு முந்தி. மேல போனதும் அதை அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

கத்தரியும் கூடையும்

சென்னையிலிருந்து வந்த ஒரு அக்கா கழுத்தில் பெரிய கேமரா. தேயிலைக் காட்டில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கையால் கிள்ளுவது குறைவு, பை கட்டிய கத்தரியால்தான் வெட்டுகிறார்கள். அந்த அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. கத்தரியை ஓரமாக வைத்துவிட்டு, முதுகில் கூடை மாட்டிக்கொண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளச் சொன்னார். சிரிக்கவும் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடுவில் போய் நின்றேன். ஒருத்தருடைய வேலையை உங்கள் வரவேற்பறைச் சுவருக்கு அலங்காரமாக மாற்றுவது என்ன நியாயம் என்று தொடங்கி, கருத்தரங்கில் வாசித்த கட்டுரையின் முதல் பாதியை ஒப்பித்துவிட்டேன். கேமரா அக்காவும் சளைக்கவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தார். பத்து நிமிடம் போயிருக்கும். எஸ்டேட் குடியிருப்பில் எங்கள் லைனுக்கு அடுத்த லைனில் இருக்கும் சரோஜாக்கா செடிகளுக்கு இடையே நடந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"அவங்க படம் எடுக்க ரெண்டு நிமிசம் அம்மிணி. நீ பேசி முடிக்கிறதுக்குள்ள கொழுந்து எடை போடுற வண்டி போயிரும். எது எங்களுக்கு நட்டம்னு நீயே சொல்லு."

போக்குவரத்து நெரிசல்

வளைவில் ஒரு காட்டுமாடு. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஒற்றை, மிரண்டால் முட்டும். சாலைக்குக் குறுக்கே நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் விதி எளிது: அது போகிறவரைக்கும் நாம் நிற்க வேண்டும். பிரவீன் கையைத் தூக்கினான், ஒன்பது சைக்கிளும் நின்றன. முக்கால் மணி நேரம். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் படம் எடுத்தார்கள். அப்புறம் கடலை மிட்டாய் சாப்பிட்டார்கள். அப்புறம் மெதுவாக மணி அடித்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதை நான் எப்படி மறுத்தேன் என்று எழுதினால் பக்கம் போதாது.

மதுரையிலிருந்து வந்த அம்மா ஒருவர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க தெருவுலயும் மாடு இப்படித்தான் நிக்கும். இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தீக?"

கவாத்து

இது நான் ஜெயித்த கதை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

கவாத்து என்றால், சில வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. வெட்டிய கிளைகளை அங்கேயே தரையில் பரப்பிவிடுவார்கள். கத்தியைச் சாய்த்து வெட்டுவதால் ஒவ்வொரு குச்சியும் ஒரு ஆணி. எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைகள் கவாத்துக் காட்டுப் பக்கம் செருப்பில்லாமல் போக மாட்டோம். முந்தின நாள் மாலை வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன், நாங்கள் வழக்கமாக இறங்கும் குறுக்குப் பாதையில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. காலையில் பிரவீனிடம் சொன்னேன், இன்றைக்குக் குறுக்குப் பாதை வேண்டாம், ரோட்டையே சுற்றிப் போகலாம் என்று. சரி என்றான். பத்தரை மணிக்கு அந்தப் பாதையிலேயே இறங்கினான். பின்னால் ஒன்பது பேரும் உற்சாகமாக இறங்கினார்கள். நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

வரிசையாகச் சத்தம் வந்தது. ஏழு டயர். கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, டியூபில் குமிழி வரும் இடத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். இன்னொருவர் தூக்குச்சட்டியிலிருந்த பால் இல்லாத கட்டஞ்சாயாவை எல்லாருக்கும் அரை அரை டம்ளராகப் பங்கு வைத்தார். இரண்டரை மணி நேரம் ஒட்டினோம். விருந்தாளிகள் பாறையில் வெயில் காய்ந்தார்கள், ஒருவர் தூங்கியே போனார். கிளம்பும்போது இதுதான் இந்தப் பயணத்தில் நல்ல பகுதி என்றார்கள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால், பிரவீனும் நானும் கடைசி டியூபை ஒட்டிக்கொண்டிருந்தோம். காலையில் சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். அவன் சண்டைக்கு வரவில்லை. பசையை ஊதிக் காய வைத்தபடி சொன்னான்:

"சொன்ன. ஹெல்மெட் வாரு, பிரேக் கட்டை, இட்லிக்கு ஏன் சாம்பார் இல்ல, எல்லாத்தையும் அதே குரல்லதான் சொன்ன. அதுல எது நெசமா ஆபத்துன்னு நான் எப்படிப் பிரிக்கிறது?"

மூன்று பாயிண்ட்

அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று மாலை ஜோசப் அண்ணனின் சைக்கிள் கடைக்கு நடந்து போகும்போது, அதற்குப் பதில் தேடுவதை விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் இது அரிது.

அதற்குப் பதிலாக வேறு ஒரு வாதத்துக்குத் தயாரானேன். சீசனில் இன்னும் ஒரே ஒரு குழுதான் பாக்கி. அதில் நான் முன்னால் போயே தீர வேண்டும். உள்ளூர் அறிவு, நடந்து முடிந்த ஏழு பஞ்சர், இரண்டு மாதப் பொறுமை என்று மூன்று பாயிண்ட். கடைக்குள் நுழைந்தேன். ஜோசப் அண்ணன் ஏழு டியூபையும் வரிசையாகக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். நான் ஆரம்பிக்கும் முன்பே, கடைசிக் குழுவுக்கு நீ முன்னால் போ என்றார். பிரவீனிடமும் சொல்லியாகிவிட்டது என்றார்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. மூன்று பாயிண்டையும் நான் இன்னும் சொல்லவே இல்லையே என்றேன்.

"எல்லாரையும் முழுசாக் கூட்டிட்டு வந்துட்டு அப்புறம் சொல்லு அம்மிணி, கேக்கறேன்."

வக்கீல்

கடைசிக் குழுவில் ஒரு வக்கீல் இருந்தார். சேலத்துக்காரர். முதல் நாள் சைக்கிளில் ஏறும்போதே, ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமா என்று கேட்டார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுகூட நாங்கள் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டே போனோம்.

இரண்டாம் நாள் நடை. சோலைக்காட்டு ஓரமாக ஏறி, ஒரு பாறையில் போய் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அந்தப் பாறைக்காகத்தான் எல்லாரும் வருகிறார்கள். அதற்குக் கால் மணி தூரத்தில் தேயிலை முடிந்து புதர் தொடங்கும் இடத்தில், மூடுபனி இறங்கிவிட்டது. முதலில் மரங்கள் போயின, பிறகு பாதை. திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது ஆளுக்குப் பின்னால் யாரும் தெரியவில்லை. கடைசியில் பிரவீன் இருக்கிறான், ஒருத்தரையும் விடமாட்டான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. என்னை நம்பி அவன் இரண்டு மாதம் முன்னால் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் புதரில் காட்டுமாடு படுத்திருக்கும். வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், ஒதுங்கிப் போகலாம். பனியில் அது எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். வக்கீல் பேச ஆரம்பித்தார். பனி பத்து நிமிடத்தில் விலகலாம், இவ்வளவு பேர் சத்தத்துக்கு மாடு தானே விலகும், திரும்புவதும் அதே பனியில்தானே என்று ஒழுங்காக அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சிலதுக்கு இரண்டு இருந்தன. எனக்கு அடுத்து நின்ற ஒரு சிறுமி குளிரில் பல்லைக் கடித்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பனியில காட்டுமாடு தெரியாதுங்க. திரும்பறோம்" என்றேன். ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில். பனிக்குள் பின்னாலிருந்து பிரவீனின் குரல் மட்டும் வந்தது, எல்லாரும் அப்படியே திரும்பி என் பக்கமாக வாங்க என்று. அவன் பேச்சில் ஒரு கேள்வி கூட இல்லை.

அன்று அந்தப் புதரில் காட்டுமாடு இருந்ததா, இல்லையா? இன்றுவரை தெரியாது. நான் ஜெயித்தேன் என்று நிரூபிக்க முடியாத ஒரே வாதம் அதுதான். ஆச்சரியம் என்னவென்றால், அது என்னைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. கீழே டீக்கடை பெஞ்சில் வக்கீல் சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒத்த வரியில தீர்ப்பு சொல்லிட்டீங்க. எங்க ஊரா இருந்தா அப்பீல் போயிருப்பேன். இங்க டீதான் குடிக்க முடியுது."

கணக்கு நேர்

ஒன்பது பேரையும் முழுசாகக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அவர்கள் போன பிறகு பிரவீன் ஷூவைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தான். இரண்டு நாளும், பனியில் நடுங்கிய அந்தச் சிறுமியின் தாத்தாவோடு கடைசியில் வந்திருக்கிறான். அவர் சிறு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பாத்திர வியாபாரம் செய்த கதையில் பாதியைத்தான் சொல்லி முடித்திருந்தாராம். மீதியைச் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது என்று பிரவீனுக்குக் குறை. முன்னால் போனால் காது முழுக்கக் காற்றுச் சத்தம்தான், பின்னால் ஒருத்தர் பேசுவதும் கேட்காது என்பது எனக்கும் அந்த இரண்டு நாளில் தெரிந்திருந்தது.

ஜோசப் அண்ணன் மூன்று பாயிண்டையும் இப்போது சொல்லலாம் என்றார். யோசித்துப் பார்த்தேன், இரண்டு மறந்துவிட்டன. பிரவீன் சிரித்தான்.

"பின்னால இத்தனை கதை நடக்குது. ரெண்டு மாசமா எல்லாத்தையும் சொன்ன, இத மட்டும் ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

அடுத்த கோடைக்கு முன்னால் போகும் வேலை எனக்கு உறுதியாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாளாவது என்னைக் கடைசியில் விட வேண்டும் என்று ஜோசப் அண்ணனோடு இப்போதிருந்தே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.