இரண்டு சீட்டு வண்டி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஏழு மாதம் இட்லி கிடையாது. மாவு இல்லாமல் இல்லை, இட்லித் தட்டு அப்பாவிடம் இருந்தது. அதன் குழிகளில் போல்ட்டும் நட்டும் வாஷரும் கிடந்தன. எந்தக் குழியில் இருப்பது காரில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று சாக்பீஸால் எண் போட்டு வைத்திருந்தார். அம்மா இருந்திருந்தால் தட்டைத் தொட விட்டிருக்க மாட்டாள். அம்மா போடியில், மாமா வீட்டில் இருந்தாள்.

சண்டைக்குக் காரணம் அந்தக் கார்தான். கம்பத்தில் உரக்கடை வைத்திருந்த அப்பா, குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய்க் கொட்டகைக்குள் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ஊரான அனுமந்தன்பட்டியில் இறக்கினார். நிறம் சிவப்பு என்றார், நம்பினோம். கூரை இருக்க வேண்டிய இடத்தில் எலி தின்ற துணி தொங்கியது. முன்னால் நீளமான மூக்கு, நடுவில் இரண்டு சீட்டு, அதோடு முடிந்தது. தெருவில் அதற்கு அரைக் காரு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தெருவைப் பார்த்த அறையில் அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. காரை நிறுத்த வேறு இடமில்லை என்று அப்பா மிஷினை அடுப்படிக்குத் தள்ளிவிட்டு, அறைச் சுவரை இடித்து ஷட்டர் போட்டார். அம்மா ஒரு மாதம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துப் பார்த்தாள். ஜாக்கெட்டில் தாளிப்பு வாசம் அடிக்கிறது என்று தைக்கக் கொடுத்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். ஒருநாள் அவளே ஆட்டோவைக் கூப்பிட்டு மிஷினை ஏற்றினாள். "இந்தத் தகரம் என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று என்னை விட்டுவிட்டுப் போனாள். நாலு நாளில் அப்பா வந்து கூப்பிடுவார் என்றுதான் நினைத்திருப்பாள்.

அப்பா அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். வண்டியை ஓட வைத்து, அதிலேயே போடிக்குப் போய் இறங்குவது என்று முடிவு செய்துவிட்டார். மெக்கானிக் கையில் கொடுத்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். "அவன் கை வச்சா அது அவன் வண்டியாயிரும்" என்பார். எங்கிருந்தோ பிரின்ட் எடுத்து வந்த ரிப்பேர்ப் புத்தகம் ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஐந்து இடத்தில் 'கேர்ஃபுல்லி ரிமூவ்' என்று போட்டிருக்கும். அப்பாவின் ஆங்கிலம் அதோடு சரி. காலையில் எனக்குத் தலை சீவிவிடும்போதும் சிக்கைப் பிடித்துக்கொண்டு கேர்ஃபுல்லி ரிமூவ் என்று சொல்லித்தான் இழுப்பார். பாதி முடி சீப்போடு வந்துவிடும். அம்மாவின் கையை நினைத்து அழுவேன். வலியில் அழுகிறேன் என்று அவர் எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, யூனிஃபார்ம் துவைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் குரலை இறக்கி, "ஒங்கப்பா என்ன செய்றாக? வண்டி ஓடிருச்சா?" என்பாள். இன்னும் இல்லை என்பேன். நல்லாப் படி என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

ஐந்தாவது மாதம் பிரேக் பிடித்தது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவி மாட்டியாயிற்று. ஒருநாள் அப்பா இட்லித் தட்டை என்னிடம் காட்டினார். ஒரே ஒரு குழியில் மட்டும், கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னச் சாமான் இருந்தது. அதற்கு ரோட்டார் என்று பெயர். "இது சுத்துனாத்தான் பிளக்குக்குக் கரண்ட் போகும் ஆத்தா. நாளைக்கு இத மாட்டிட்டா அம்மாவக் கூப்பிடப் போயிரலாம்" என்றார். நான் தெரு முழுக்க ஓடிச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, "இருக்கறதே ரெண்டு சீட்டு. ஒங்கம்மா ஏறிக்கிட்டா நீ எங்கன உக்காருவ, டிக்கியிலயா?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்டதுதான். நான் போய் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னியே அதில் மூச்சு முட்டிக் கிடந்தது. இரண்டு நடை போனால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும், எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அந்த வண்டியில் ஏறினால் நான் இல்லாமலே எங்கேயோ போய்க்கொண்டே இருப்பார்கள் என்று பயந்துவிட்டேன். அம்மா வேண்டும் என்று ஐந்து மாதமாக ஏங்கிய நானே, அன்று சாயங்காலம் அந்த ரோட்டாரை எடுத்துப் பென்சில் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

அப்பா தேடாத இடமில்லை. தரையைப் பெருக்கி, அந்தக் குப்பையைச் சல்லடையில் சலித்தார். என்னைக் கேட்டார், தெரியாது என்றேன். பிறகு கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறது, வரும் என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவிடமும் அதையே நான் சொன்னேன். அதற்கடுத்த வாரங்களில் அவள் வண்டியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, அப்பாவின் கடைக்குப் போகக் கம்பம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் தனி இடம் பிடித்து உட்கார்ந்திருந்த பிள்ளையைக் காட்டி, "பாப்பாவ மடியில வச்சுக்கங்கம்மா" என்றார் கண்டக்டர். அந்த அம்மா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், இன்னொருவருக்கு இடம் கிடைத்தது. எனக்கு ஏன் இது இத்தனை நாள் தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ரோட்டாரை அதே குழியில் போட்டேன். மறுநாள் அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இங்கனயேதான் கெடந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வண்டி மூன்றாவது முறையில் கிளம்பியது. தெருவே கூடிக் கைதட்டியது. அந்த ஞாயிறு காலை, அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். நான் தீபாவளிப் பாவாடை கட்டிக்கொண்டேன். கோம்பையில் ஒரு நாய் எங்களைத் துரத்திப் பார்த்துத் தோற்றது. தேவாரத்தில் இன்ஜின் சூடாகி நின்றோம், தண்ணீர் ஊற்றினோம், தெருப் பையன்கள் பின்னால் ஓடி வந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். எனக்குப் பக்கத்தில் அவரும், போய்ச் சேரும் இடத்தில் அம்மாவுமாக இருந்த அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் இன்றும் ஏங்குகிறேன்.

மாமா வீட்டு முன்னறையில் அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்போடு வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "ஓட வச்சுட்டீகளே" என்றாள். அவள் முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. அப்புறம் அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"இதுல எனக்கு எங்கன எடம் இருக்கு?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில் அது. "நீ உக்காரும்மா, நான் ஒன் மடியில உக்காந்துக்கறேன்!"

"பாப்பா சொல்றது சரிதான்" என்றார் அப்பா. ஒரு பெரிய கணக்குத் தீர்ந்த மாதிரி சிரித்தார்.

கேள்வி காரைப் பற்றியது இல்லை என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. அப்பாவுக்கு இன்னும் புரிந்ததாகத் தெரியவில்லை. அம்மா வண்டிக்குள் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மூச்சுவிட முடியாதபடி இறுக்கினாள். "ஏயப்பா, என்னமா கனத்துப் போன" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் என்னை இறக்கிவிட்டு, தானும் இறங்கி, கதவைச் சாத்தினாள். "பாத்துப் போங்க" என்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்து கூப்பிடுவோம்" என்றார் அப்பா. திரும்பும் வழி முழுக்க நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அன்று சாயங்காலம் அப்பா தோசை ஊற்றினார். வழக்கமாக மூன்று தின்கிறவள் ஒன்றோடு எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லையா என்று கேட்டார், பசிக்கவில்லை என்றேன். நன்றாகவே பசித்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் எடை குறைந்தாக வேண்டுமே.