இருபத்தோராம் வசனம்

எங்கள் வீட்டு ஜெபத்தில் ஒரு நாளைக்கு வேதாகமத்தில் ஓர் அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றிவரும். கடைசிப் பிள்ளைதான் தொடங்கவேண்டும். தம்பி, பிறகு அம்மா, அப்பா, கடைசியில் நான். ஒருவர் முறையை இன்னொருவர் எடுக்கமாட்டோம்.

அன்று மாலை, கைதியாக ரோமுக்குப் போகும் அப்போஸ்தலனின் கப்பல் புயலில் சிக்கும் அதிகாரம். தம்பிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அவனுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் கட்டிங் வேலை. "ஒரு நாள் லீவு போடுடா" என்று அம்மா தினமும் சொன்னாள். "ஷிப்மெண்ட் போகணும்மா" என்று அவனும் தினமும் போனான்.

இருபதாம் வசனம் என்னுடையது. பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் அற்றுப்போனது. படித்து முடித்தேன். தம்பி தொடரவில்லை.

"இன்னாடா, தூங்கிட்டியா? கப்பல் நட்டாத்துல நிக்குது" என்றார் அப்பா. நானும் சிரித்தேன். அரை நிமிடமாவது சிரித்திருப்போம். பிறகுதான் அம்மா அவன் கழுத்தைத் தொட்டாள். அனலாய்க் கொதித்தது; உலுக்கியும் அவன் எழவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ரத்தத்தில் ஒன்றரை லட்சம் இருக்கவேண்டிய பிளேட்லெட் முப்பதாயிரம். மறுநாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் பதினெட்டு. நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் இப்படிப்பட்ட எண்களைத் தலைப்பில் வைத்திருக்கிறேன். வைத்ததும் அடுத்த செய்திக்குப் போய்விடுவேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள். மாலை ஏழரைக்கு அப்பா வேதத்தைத் திறப்பார், அந்தப் பக்கத்தைப் பார்ப்பார், மூடிவிடுவார். இரண்டாம் நாள், "நான் படிக்கட்டுமா?" என்றேன்.

"அது அவன் வசனம்" என்றாள் அம்மா. "அவன்தான் படிக்கணும்."

எனக்கு அடுத்து வருவது தெரியும். அதில் அப்போஸ்தலன் எழுந்து நின்று, என் பேச்சைக் கேட்டு நீங்கள் புறப்படாமல் இருந்திருக்கலாமே என்கிறான். அம்மா சொல்லாமல் அடக்கிக்கொண்டிருந்ததும் அதுதான். அதற்கடுத்தது அம்மாவின் வசனம். ஓர் உயிரும் போகாது, கப்பல் மட்டும் போகும். இதை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. முறை தப்பிச் சொன்னால் பலிக்காது என்று எங்கோ பயந்தேன். செய்தியைச் சரிபார்த்துப் பழகிய நானே.

நான்காம் நாள் மாலை என்னை மட்டும் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். தம்பி கண் திறந்திருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். போனில் அந்த வசனத்தை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கிப் படித்தான். முடித்ததும் உதடு லேசாகக் கோணியது.

"அம்மா திட்டற மாதிரியே இருக்குதுக்கா."

வெளியே வந்து, "அவன் படிச்சிட்டான்" என்றேன். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். தன் வசனத்தை முழுதும் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"பத்தொன்பது. இன்னும் ரெண்டு நாள் பார்க்கணுமாம்."

அப்பா தன் வசனத்தைப் படித்தார். நான் என்னுடையதைப் படித்தேன். அடுத்தது மறுபடியும் தம்பி முறை. அப்பா விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடியே வேதத்தை மூடினார். இனி உள்ளே விடுவது காலை பத்து மணிக்கு.