விடு என்றால் அடி

கடல் கடந்து நாங்கள் குடியேறிய நகரத்தின் ஒரு பகுதியான லாசாலில், எங்கள் தமிழ்ச் சங்கம் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் அயாக்கோவை முதலில் கண்டேன். 2004 மாரி, வெளியே பனி. இரண்டு வருடம் நாடு நாடாய் அலைந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். சும்மா இருக்க முடியாமல் பட்மின்டன் ஆடப் போனேன்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒசாக்காவில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு தொழிற்சாலையின் பெண்கள் அணியில் சேர்ந்தவள். பகலில் பெட்டி அடுக்குவது, மாலையில் ஆடுவது. முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்ததும் "இனிப் போதும்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவள் விமானம் ஏறிவிட்டாள். அதே நகரத்தின் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை; அங்கே வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர்தான் சங்கத்துக்குக் கூட்டிவந்தார். தங்கி வேலை செய்யும் அனுமதி ஆடி மாதத்தோடு முடிகிறது. வசந்தத்தில் நடக்கும் நகரப் போட்டியில், பெண்கள் ஒற்றையரில் ஒரு ஆட்டமாவது வெல்லாமல் ஊர் திரும்பமாட்டேன் என்றாள்.

எங்கள் சங்கத்திலோ பெண்களுக்கு ஒற்றையர் கிடையாது. ஆணோடு சேர்ந்து கலப்பு இரட்டையர்தான். தலைவர் குணரத்தினம் அண்ணை, தெருமூலையில் டெப்பனர் என்னும் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அவளைத் தன் சோடியாக்கினார். சோடி என்றால் அவள் வலையோரம் நிற்கவேண்டும். கொக், அதாவது இறகுப்பந்து, அவள் தலைக்கு மேலே வந்தால் பின்னாலிருந்து அவர் "விடு!" என்று கத்துவார், ஓடிவந்து தானே அடிப்பார்.

அவள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் பாய்ந்து அடித்தாள்.

"விடு எண்டு கத்தினனானெல்லோ! ஏன் பிள்ளை அடிச்சனீ?"

பாராட்டுகிறார் என்று நினைத்துக் குனிந்து வணங்கினாள். மண்டபமே சிரித்தது.

பிழை அவளுடையதல்ல. பக்கத்துக் களத்தில் பெடியள் "விடு மச்சான், ஒண்டு விடு!" என்று ஒருவரையொருவர் உசுப்பிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு "விடு"வுக்கும் கொக் இடிபோல இறங்கியது. அதைப் பார்த்துத்தான் விடு என்றால் அடி என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் குடிக்க வந்தபோது ஆங்கிலத்தில் விளக்கினேன். அண்ணை சொல்வது தொடாதே என்கிற விடு.

"இரண்டும் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்தான்."

சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். "அப்படியென்றால் நான் முதலில் படித்ததையே வைத்துக்கொள்கிறேன்."

அடுத்த சனி வேண்டுமென்றே அடித்தாள். அதற்கடுத்த சனியும். அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குக் காது கேக்காதோ? அப்ப தனிய நிண்டு விளையாடு!"

நான் அதை மொழிபெயர்த்ததும், தனிய என்றால் ஒற்றையர்தானே என்று அவள் முகம் மலர்ந்தது. மறு சனி எல்லாருக்கும் முன்னே வந்து ஒரு களத்தைப் பிடித்தாள். எதிர்ப்பக்கத்தில் என்னை நிறுத்தினாள். வந்த பெடியள் முணுமுணுத்தார்கள். அண்ணை இடுப்பில் கைவைத்தார்.

"ஆர் உங்களுக்குக் களம் தந்தது?"

"நீங்கள்தான் அண்ணை. தனிய விளையாடச் சொன்னனீங்கள், எல்லாருக்கும் முன்னால."

அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். அயாக்கோ அதற்குள் கொக்கை உயர அடித்துவிட்டாள். பனி கரையும்வரை அந்தக் களத்தை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மூலைக்கு மூலை ஓடி என் கால்தான் வீங்கியது.

நகரப் போட்டியில் முதல் ஆட்டம். மூன்றாவது செட், பத்துக்கு ஒன்பது, சேர்வ் அவளுடையது. பதினொன்றுக்கு இன்னும் ஒரு புள்ளி. எதிரில் நின்ற பெண் கொக்கைப் பின்கோட்டுப் பக்கமாக உயரத் தூக்கிவிட்டாள்.

"சும்மா பாப்பம்" என்று என்னோடு வந்திருந்த குணரத்தினம் அண்ணை எழும்பியே விட்டார்.

"விடு!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கட்டுப்போட்ட காலை ஊன்றி எம்பினாள், அடித்தாள். கொக் எதிர்மூலையில் போய் விழுந்தது. அந்தப் பெண் அசையக்கூட இல்லை.

அயாக்கோ மட்டையை உயர்த்தி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"விட்டன் அண்ணை!"

அண்ணை மெல்ல உட்கார்ந்தார். "வெளிய போற கொக் அது," என்றார். "தொடாமல் நிண்டிருந்தாலும் வெண்டிருப்பாள்."

"அது அவளுக்கும் தெரியும் அண்ணை," என்றேன்.